நாய் கடித்தால் யார் பொறுப்பு?

நாய்க்கடி தொடர்பாக வந்த வாசகர் கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். சட்டப் பகுதியை வழக்கறிஞர்களும் ஊசி, கண்காணிப்பு பற்றிய பகுதியை மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

வாசகி, மேடவாக்கம்: எங்கள் அடுக்குமாடியில் மூன்றாம் மாடிக்காரரின் லாப்ரடார், படிக்கட்டில் என் 6 வயது மகனின் கன்னத்தைக் கடித்துவிட்டது. சங்கிலி இல்லை. அன்றைய ஆஸ்பத்திரிச் செலவை அவரே ஜி-பேயில் கொடுத்தார். தழும்பு நிற்கும் என்கிறார் டாக்டர். "ஊசிக்குத்தான் கொடுத்துவிட்டேனே, இன்னும் என்ன?" என்று கேட்கிறார். மேலே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். அதற்கு முன் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி, ரேபிஸ் (வெறிநோய்) அபாயக் கணக்கில் மிகக் கடுமையான மூன்றாம் வகைக் காயம். முகத்தில் என்றால் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் வைரஸ் நரம்பு வழியாக மூளைக்குப் போகும் தூரம் அங்கே குறைவு. இந்த வகைக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. காயத்தைச் சுற்றியும் காயத்துக்குள்ளேயும் இம்யூனோகுளோபுலின் (வைரஸை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள் உள்ள சீரம்) போட்டிருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் இருப்பது குதிரைச் சீரம்: கிலோவுக்கு 40 யூனிட். மனிதச் சீரம் என்றால் 20 யூனிட். 20 கிலோ எடையுள்ள பையனுக்கு முறையே 800, 400 யூனிட். சீட்டில் இது இல்லை என்றால், முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் ஆவதற்குள் போட்டாக வேண்டும். அதற்குப் பிறகு போட்டுப் பயனில்லை. தடுப்பூசி தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆம் நாட்கள். தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. நடுவில் விட்டுப்போவதுதான் அதிகம் நடக்கும் தவறு. குழந்தை ஓடியாடத் தொடங்கியதும் 28 ஆம் நாள் மறந்துபோகிறது.

இனி சட்டம். உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

முதலாவது குற்ற வழக்கு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291 ஆம் பிரிவு, தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாட்டைத் தெரிந்தோ கவனக்குறைவாகவோ செய்யாமல் விட்டவரைத் தண்டிக்கிறது. 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதுவே 289 ஆம் பிரிவாக இருந்தது. அபராதம் அப்போது 1,000 ரூபாய். ஆனால் உங்கள் மகன் விஷயத்தில் 291 உடன் நிற்கக் கூடாது. முகத்தில் நிரந்தர விகாரம் ஏற்பட்டால் அது 116 ஆம் பிரிவின்படி கொடுங்காயம். கவனக்குறைவால் கொடுங்காயம் விளைவித்தால் 125(பி): 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். இந்த வித்தியாசம் காலக்கெடுவிலும் உண்டு. 291 மட்டும் என்றால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போலீஸில் புகார் பதிவாகியிருக்க வேண்டும், அல்லது மாஜிஸ்திரேட்டிடம் புகார் மனு தாக்கலாகியிருக்க வேண்டும். 125(பி) சேர்ந்தால் 3 ஆண்டு. ஆகவே "தழும்பு நிரந்தரமானது" என்று தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ எழுதித் தரும் சான்றிதழ் மிக முக்கியம். காயம் ஆறிய பிறகு அதை வாங்கி விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.

இரண்டாவது சிவில் வழக்கு, அதாவது நஷ்டஈடு. மருந்து, போக்குவரத்து, குழந்தையோடு இருப்பதற்காக நீங்கள் இழந்த சம்பளம், பின்னால் செய்யவேண்டிய தழும்பு அறுவைச் சிகிச்சையின் மதிப்பீடு, வலிக்கும் முகத் தோற்றத்துக்கும் தனித் தொகை என்று பிரித்துக் கேட்க வேண்டும். மொத்தமாக "5 லட்சம் தா" என்று கேட்கும் மனுக்களைவிட ரசீதோடு பிரித்துக் கேட்பவை நிலைக்கின்றன. பொதுவாக 3 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவர் சிறுவன் என்பதால் 18 வயது நிறைந்த பின்னும் 3 ஆண்டு அவகாசம் சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். அதற்குள் சாட்சி சொல்லவேண்டிய வாட்ச்மேன் மாறிவிடுவார், சிசிடிவி பதிவோ சில வாரங்களிலேயே அழிந்துவிடும்.

அவர் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த பணம் சமரசம் ஆகாது. உண்மையில் அந்த ஜி-பே ரசீது உங்களுக்குச் சாதகமானது: நாய் அவருடையது, சம்பவம் அன்று நடந்தது என்பதற்கு அது தடயம். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி உள்ள எதிலும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். கடைசி ஊசி முடிந்து, தழும்பு எப்படி நிற்கிறது என்று தெரிந்த பிறகு பேசலாம். நீதிமன்றத்தில் வழக்கு இருக்கும்போது சிறுவன் சார்பில் செய்யும் சமரசத்துக்கு நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும்.

"இதுவரை என் நாய் யாரையும் கடித்ததே இல்லை" என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். உரிமையாளருக்கு நாயின் மூர்க்கம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்ற பழைய ஆங்கிலேயச் சட்டக் கோட்பாட்டிலிருந்து வந்தது இது. பொதுப் படிக்கட்டில் சங்கிலி இல்லாமல் விட்டதே கவனக்குறைவு என்று நேரடியாக நிறுவ முடிந்தால் அந்த வாதம் பெரிதாக நிற்காது. இருந்தாலும் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் இந்த நாய் பற்றி முன்பு யாராவது புகார் சொல்லியிருந்தால் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். போகாதீர்கள். நாய் வளர்ப்பவர் உங்களுக்குச் சேவை எதையும் விற்கவில்லை. மனு திரும்பிவரும், மாதங்கள் வீணாகும்.

வாசகர், திண்டுக்கல்: எதிர்வீட்டு நாய் காலில் கடித்தது. ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

சிவில் மேட்டர் அல்ல. 291, 125 இரண்டுமே போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றங்கள், ஜாமீனில் விடக்கூடியவையும்கூட.

வெறுங்கையோடு மறுபடி ஸ்டேஷனுக்குப் போவதால் பயனில்லை. முதலில் அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். எந்த நாய், யாருடையது, எங்கே, எத்தனை மணிக்கு என்று நீங்கள் சொல்வதைத்தான் மருத்துவர் எழுதுவார். "நாய் கடித்தது" என்று மட்டும் சொன்னால் "தெரியாத நாய்" என்று பதிவாகிவிடுகிறது. பின்னால் நீதிமன்றத்தில் முதலில் தோண்டி எடுக்கப்படுவது இந்த ஒரு வரிதான். பிறகு எழுத்துமூலமான புகாரில் நாய் கட்டப்படாமல் இருந்தது, கேட் திறந்திருந்தது, நீங்கள் பொதுத் தெருவில் நின்றீர்கள் என்ற மூன்றையும் தெளிவாக எழுதுங்கள். நாய் கடித்தது என்பது மட்டும் குற்றமாகாது. வளர்த்தவர் எதைச் செய்யாமல் விட்டார் என்பதில்தான் குற்றம் இருக்கிறது. புகாரில் அது இல்லையென்றால் ஆய்வாளர் தட்டிக்கழிக்க இடம் கொடுத்ததாகிவிடும்.

புகார் கொடுத்தால் குறைந்தது சி.எஸ்.ஆர். ரசீதாவது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் தரும் சீட்டு) வாங்கிக்கொண்டு வாருங்கள். முதல் தகவல் அறிக்கை பதிந்தால் நகல் இலவசம். காயம் கொடுங்காயமாக இருந்து 125(பி) வரும் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் ஆரம்ப விசாரணை நடத்தச் சட்டம் இடம் தருகிறது, ஆகவே சில நாள் தாமதம் இயல்பே. அதற்கு மேலும் பதியவில்லை என்றால் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4) சொல்லும் வழி இதுதான். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். தபால் ரசீது இல்லாமல் நேரே மாஜிஸ்திரேட்டிடம் போனால் மனு நிற்காது.

செலவுக்கு அஞ்ச வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தருகிறது. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.

வாசகர், ஓசூர்: பைக்கில் போகும்போது வளர்ப்பு நாய் ஒன்று வீட்டிலிருந்து பாய்ந்து துரத்தியது. விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நாய் கடிக்கவே இல்லை. வழக்குப் போட முடியுமா?

பல் படவேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. 291 பேசுவது விலங்கால் வரக்கூடிய ஆபத்து பற்றி. எலும்பு முறிவு கொடுங்காயப் பட்டியலில் நேரடியாகவே இருக்கிறது. ஆகவே உங்களுடைய வழக்கு பல கடி வழக்குகளைவிட வலுவானது, நாய் யாருடையது என்று நிரூபித்தால். துரத்திய நாயை அடையாளம் காட்டுவதுதான் இங்கே கடினம். பக்கத்துக் கடை கேமராப் பதிவை அன்றே கேட்டு வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் "பைக்கிலிருந்து தவறி விழுந்தார்" என்று எழுதியிருந்தால் உடனே விளக்கம் கொடுத்து அதைப் புகாரில் சேர்த்துவிடுங்கள்.

வண்டி இன்சூரன்ஸிலிருந்து சிகிச்சைச் செலவு கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்குமானது. ஆறிவிடும் மணிக்கட்டு முறிவுக்கு அதில் வழியில்லை.

வாசகர், கோயம்புத்தூர்: கேட்டில் "நாய்கள் ஜாக்கிரதை" என்று பெரிதாகப் போர்டு வைத்திருக்கிறேன். பார்சல் கொண்டுவந்த பையன் கேட்டைத் திறந்து உள்ளே வந்துவிட்டான், நாய் கடித்துவிட்டது. என் மேல் என்ன தப்பு?

போர்டு உங்களைக் காப்பாற்றும் என்று பலரும் நம்புகிறார்கள். சில நேரம் அது நேர்மாறாக வேலை செய்கிறது: இந்த நாய் ஆபத்தானது என்று உங்களுக்கே தெரிந்திருந்தது என்பதற்கு நீங்களே எழுதி மாட்டிய சாட்சி அது. சுவரேறிக் குதித்துத் திருட வந்தவனைக் கடித்தால் கணக்கு வேறு. நீங்கள் ஆர்டர் செய்த பொருளைக் கொண்டுவந்தவர், தபால்காரர், மீட்டர் கணக்கெடுப்பவர், வீட்டு வேலைக்கு வருபவர் எல்லாரும் உங்கள் அழைப்பின் பேரில் வருகிறவர்கள். அவர்கள் வரும் வழியில் நாய் எட்டாதபடி வைப்பது உங்கள் கடமை. கேட்டுக்குத் தாழ்ப்பாள் மட்டும் இருந்ததா, பூட்டு இருந்ததா? அழைப்பு மணி கேட்டுக்கு வெளியே இருக்கிறதா, உள்ளே கதவருகிலா? உள்ளே என்றால் அவர் வேறென்ன செய்வார் என்று நீதிபதி கேட்பார். மணியை வெளியே மாற்றுங்கள், கேட்டில் உட்பக்கப் பூட்டுப் போடுங்கள், கேட்டுக்கு வெளியே பார்சல் பெட்டி ஒன்று வையுங்கள். எல்லாம் சேர்ந்தே ஒரு வழக்குச் செலவைவிடக் குறைவு.

இப்போது செய்யவேண்டியது: அந்தப் பையனின் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வைத்து (மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம்) ஆஸ்பத்திரிக்கு நீங்களே அழைத்துப்போங்கள். உங்கள் நாயின் தடுப்பூசி அட்டையின் நகலை மருத்துவரிடம் கொடுங்கள். "என் நாய்க்கு ஊசி போட்டிருக்கு, உனக்குத் தேவையில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை முடிவு செய்யவேண்டியவர் மருத்துவர்.

அடுத்த 10 நாள் நாயை வீட்டிலேயே தனியே வைத்துக் கவனியுங்கள். எச்சிலில் ரேபிஸ் வைரஸ் இருந்திருந்தால் அதற்குள் நாய்க்கு நோய் தெரிந்துவிடும் அல்லது இறந்துவிடும். பத்தாம் நாளும் நலமாக இருந்தால் அந்தக் கடியில் வெறிநோய் இல்லை. பயத்தில் நாயை ஊருக்கு அனுப்புவதும் யாருக்காவது கொடுத்துவிடுவதும் இந்தக் கட்டத்தில் செய்யும் மிகப் பெரிய தவறு. கடிபட்டவருக்கு ஒரே ஆறுதலான தகவலை அது அழித்துவிடுகிறது, நீதிமன்றத்தில் தடயத்தை மறைத்ததாகத் தெரிகிறது. அந்த 10 நாளுக்குள் நாய்க்கு ரேபிஸ் ஊசி போட அவசரப்படாதீர்கள். ஊசியின் பின்விளைவா நோயின் அறிகுறியா என்று குழப்பம் வரும்.

வாசகி, மதுரை: தினமும் எங்கள் தெரு நாய்களுக்குச் சோறு வைக்கிறேன். அதில் ஒன்று ஒரு முதியவரைக் கடித்துவிட்டது. "நீதான் வளர்க்கிறாய், நீதான் கட்ட வேண்டும்" என்கிறார்கள்.

சோறு வைப்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. தெரு நாய்களைப் பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வது உள்ளாட்சியின் வேலை என்பது 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின் அடிப்படை. ஆனால் ராத்திரியில் உங்கள் காம்பவுண்டுக்குள் கட்டிவைக்கிறீர்கள், கழுத்துப்பட்டை போட்டிருக்கிறீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால் "வசம் உள்ள விலங்கு" என்ற சொல்லுக்குள் வரும் வாய்ப்பு உண்டு. சட்டத்தில் அந்தச் சொல்தான் இருக்கிறது.

எங்கே சோறு வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். அந்த விதிகளின்படி குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, கட்டட வாசல் ஆகியவற்றை விட்டு விலகியே உணவிடும் இடம் இருக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், தெருவில் கண்ட இடத்தில் உணவிடக் கூடாது, வார்டு வாரியாக உள்ளாட்சிகள் இடம் ஒதுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மீறினால் நடவடிக்கை வரலாம். உங்கள் அக்கறை மதிக்கத்தக்கது. அதனால்தான் சொல்கிறோம்: மாநகராட்சியிடம் எழுதிக் கேட்டு ஓர் இடத்தைக் குறித்து வாங்குங்கள்.

முதியவருக்கு வழி இல்லாமல் இல்லை. தெரு நாய்க்கடிக்கு உள்ளாட்சி மீது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அந்த நாய் பற்றி முன்பே மாநகராட்சிக்குப் புகார் போயிருந்து (சென்னையில் 1913 எண் புகாருக்குப் பதிவு எண் தருவார்கள்) அவர்கள் செயல்படவில்லை என்றால் மனு வலுப்பெறும். ஒரு பல்தடத்துக்கு 10,000 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்கு, 2023 நவம்பரில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் சொன்னது. சதை பிய்ந்திருந்தால் 0.2 சென்டிமீட்டருக்குக் குறைந்தது 20,000. அந்த மாநிலங்களுக்கும் சண்டிகருக்கும் அரசு தரவேண்டிய இழப்பீடு அது. இங்கே மேற்கோள் காட்டலாம். அதன்படியே தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் யாரையும் கட்டாயப்படுத்தாது.

வாசகர், தாம்பரம்: வெளியூர் போகும்போது நாயை ஒரு விடுதியில் விட்டேன். அங்கே நடைக்கு அழைத்துப்போனவர் கையிலிருந்து விடுபட்டு ஒருவரைக் கடித்துவிட்டது.

குற்ற வழக்கில் அந்த நேரத்தில் யார் வசம் இருந்தது என்று பார்ப்பார்கள். முதல் பொறுப்பு விடுதிக்கு. ஆனால் உங்கள் நாய்க்குக் கடிக்கும் பழக்கம் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தால் சிவில் வழக்கில் உங்களையும் சேர்ப்பார்கள். விடும்போதே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். வாடகை வீட்டில் குடியிருப்பவரின் நாய் கடித்தால் வீட்டுக்காரர் பொதுவாகப் பொறுப்பல்ல என்பதற்கும் இதே காரணம்தான்: நாய் அவர் வசம் இல்லை.

வாசகி, திருச்சி: என் பொமரேனியனைப் பக்கத்து வீட்டு ராட்வைலர் குதறிவிட்டது. இதற்கும் போலீஸ் உண்டா?

291 மனிதர்களுக்கான பாதுகாப்பு, ஆகவே அது பொருந்தாது. கால்நடை மருத்துவச் செலவை நஷ்டஈடாகக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். பெரும்பாலும் அதிலேயே தீரும். இரண்டாம் முறை அதே நாய் மனிதரைக் கடித்தால், உங்கள் நோட்டீஸ் அந்த உரிமையாளருக்கு முன்பே எச்சரிக்கை போயிருந்தது என்பதற்கு ஆதாரமாகும். ஆகவே தொகை சிறிதென்று விட்டுவிடாதீர்கள்.

வாசகர், அம்பத்தூர்: நாய்க்கு லைசென்ஸ் இல்லை. அதனால் வழக்கில் என்ன வித்தியாசம்?

லைசென்ஸ் இல்லாததாலேயே கடிக்கு நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள். இருப்பதாலேயே தப்பிக்கவும் மாட்டீர்கள். ஆனால் கவனமாக வளர்த்தேன் என்று சொல்லும்போது காட்டவேண்டிய முதல் காகிதம் அது. சென்னை மாநகராட்சியில் கட்டணம் ஆண்டுக்கு 50 ரூபாய். அந்த ஆண்டுக்கான ரேபிஸ் தடுப்பூசிச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றோடு மாநகராட்சி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அரிசி அளவிலான மைக்ரோசிப்பைத் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் செலுத்துவார்கள். அதன் 15 இலக்க எண் வந்த பிறகு "அது என் நாயே இல்லை" என்ற வாதத்துக்கு இடமில்லை. 2025 இறுதியிலிருந்து உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் 2025 டிசம்பரில் மாநகராட்சி புதிய உரிமத்தை நிறுத்திவிட்டது. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்த சம்பவத்தில் உரிமையாளர் கைதானது பலருக்கும் நினைவிருக்கும்.

பெயர் வேண்டாம், நாமக்கல்: கடித்த நாயை ஊர்க்காரர்கள் அடித்துக் கொன்றுவிடலாம் என்கிறார்கள்.

வேண்டாம். விலங்கைக் கொல்வதும் விஷம் வைப்பதும் 325 ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். கடிக்கான 291 இல் இருப்பது 6 மாதம். நியாயம் கேட்க வந்தவர்கள் பெரிய குற்றத்தில் மாட்டிக்கொள்வார்கள். அதைவிட முக்கியம், 10 நாள் கண்காணிப்பு போய்விடும், கடிபட்டவருக்கு வெறிநோய் அபாயம் இருந்ததா இல்லையா என்பது தெரியாமலே போகும். நாயைப் பத்திரமாக அடைத்து வைத்து உள்ளாட்சிக்கும் கால்நடை மருத்துவருக்கும் இன்றே தகவல் கொடுங்கள்.